பாலங்களை ஆய்வு செய்ய ஏஐ-யும் ஹெட்செட்டும் வாங்கலாமா?

ஒரு பொறியாளர் கேட்டிருந்த கேள்வி இது: "எங்கள் நிறுவனம் நெடுஞ்சாலை, நகராட்சிப் பாலங்களை ஆய்வு செய்து அறிக்கை தருகிறது. விரிசலைத் தானே கண்டுபிடிக்கும் ஏஐ மென்பொருளும், கண்ணில் மாட்டிக்கொள்ளும் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டும் வாங்கலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறது. இதை வைத்து ஆய்வாளர்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா? போடுகிற பணத்துக்குப் பயன் இருக்குமா?"

முதலில் நேரான பதில். ஆட்களைக் குறைப்பதற்காக என்றால் வாங்க வேண்டாம். போன ஆய்வில் பார்த்ததையும் இந்த ஆய்வில் பார்ப்பதையும் அதே இடத்தில், அதே கான்கிரீட்டின் மேல் வைத்து ஒப்பிடுவதற்காக என்றால் வாங்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக. விற்க வருகிறவர்கள் முதலாவதைப் பற்றித்தான் பேசுவார்கள். இரண்டாவதில்தான் பயன் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போக வேண்டும்.

அங்கே மிசிசிப்பி ஆற்றின் மேல் ஆர்கன்சாஸ், டென்னசி மாநிலங்களை இணைக்கும் ஐ-40 பாலம் இருக்கிறது. ஹெர்னாண்டோ டி சோட்டோ பாலம் என்று பெயர், 1973இல் திறந்தது. எஃகு ஆர்ச், அதாவது வில் வளைவுப் பாலம். ஆர்ச்சின் இரண்டு கால்களும் வெளியே விலகிப் போகாமல் இழுத்துப் பிடித்திருப்பது டை கர்டர் எனப்படும் பெட்டி வடிவ உத்திரம். அது போனால் ஆர்ச்சே போச்சு. 2021 மே 11 அன்று வழக்கமான ஆய்வுக்குப் போனவர்கள் அந்த டை கர்டரில் ஒரு முறிவைப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற மயிரிழை விரிசல் என்று நினைத்துவிடாதீர்கள். உத்திரத்தின் ஒரு பக்கத்தையே பிளந்துகொண்டு போயிருந்தது. பார்த்த உடனே 911 அவசர எண்ணை அழைத்து, பாலத்தை மூடச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் மறுபடி வண்டிகள் ஓட ஆகஸ்ட் மாதம் ஆகிவிட்டது. பாலம் விழவில்லை, உயிர்ச்சேதம் இல்லை.

அதற்குப் பிறகு பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் சங்கடம் வந்தது. 2019 மே மாதம் எடுத்த ட்ரோன் வீடியோவில் அதே இடத்தில் அந்த விரிசல் இருந்தது. ஆற்றில் படகில் போன ஒருவர் 2016இல் எடுத்த புகைப்படத்திலும் அதன் அடையாளம் இருந்தது. 2019, 2020 ஆய்வுகளில் அது யார் கண்ணிலும் படவில்லை. ஆர்கன்சாஸ் போக்குவரத்துத் துறை அந்த ஆய்வாளரை வேலையிலிருந்து நீக்கியது. உலோகத்தை அறுத்து ஆராய்ந்தபோது, கர்டரைப் பட்டறையில் செய்த காலத்திலேயே வெல்டிங்கில் ஹைட்ரஜனால் உண்டான சிறு வெடிப்பிலிருந்து அது வளர்ந்து வந்தது தெரிந்தது.

ஏஐ விற்பவருக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. படம் இருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை, எங்கள் மென்பொருள் இருந்திருந்தால் பிடித்திருக்கும் என்பார். உண்மைதான், அந்த அளவு முறிவை இன்றைய ஏஐ மாடல்கள் "இங்கே பார்" என்று கொடியிட்டுக் காட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தக் கொடியை எடுத்துப் பார்க்க வேண்டிய ஆள் யார், எத்தனை நாளுக்குள், பார்த்தபின் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நடைமுறை இல்லையென்றால், வீடியோ தூங்கிய அதே ஹார்ட் டிஸ்கில் கொடிகளும் தூங்கியிருக்கும்.

சரி, ஏஐ எங்கே தேவைப்படுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கான்கிரீட்டில் எந்த அகலத்துக்கு மேல் விரிசல் கவலைக்குரியது? கான்கிரீட்டுக்கான நம் ஐ.எஸ். 456 விதிப்படி பொதுவாக 0.3 மி.மீ., ஈரமோ மண்ணோ படும் உறுப்புகளில் 0.2, கடுமையான சூழலில் 0.1. இப்போது ட்ரோனில் ஒரு நல்ல கேமரா, படத்தின் அகலத்தில் 8,000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் அகலப் பரப்பை ஒரு படத்தில் எடுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.25 மி.மீ. அதாவது நீங்கள் தேடும் 0.2 மி.மீ. விரிசல் ஒரு பிக்சலைக்கூட நிரப்பாது. ஏதோ கோடு மாதிரி தெரியலாம், அளக்க முடியாது. அளக்க வேண்டுமென்றால் விரிசலின் குறுக்கே மூன்று நான்கு பிக்சலாவது வேண்டும். அப்படியானால் ஒரு படத்தில் அரை மீட்டர் அகலத்தைத்தான் எடுக்கலாம்.

30 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள ஒரே ஒரு ஸ்பானின் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியின்) அடிப்பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 300 சதுர மீட்டர். அரை மீட்டர் அகலமும் அதில் மூன்றில் இரண்டு பங்கு உயரமும் உள்ள படம் என்றால் ஒன்றையொன்று ஒட்டினாற்போல 1,800 படங்கள். ஆனால் படங்களைச் சேர்த்து முப்பரிமாண மாதிரி செய்ய, அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று 60, 70 சதவீதம் படிய வேண்டும். அப்போது எண்ணிக்கை 15,000 பக்கம் போய்விடும். இது கர்டரின் பக்கவாட்டு முகங்களையும் தூண்களையும் சேர்க்காத கணக்கு. இத்தனை படத்தை உட்கார்ந்து பார்க்க எந்த மனிதனாலும் ஆகாது. நூறாவது படத்திலேயே கண் சொக்கிவிடும். ஏஐ தேவைப்படுவதற்கான நேர்மையான காரணம் இதுதான்: படம் எடுப்பது மலிவாகிவிட்டது, பார்ப்பது மலிவாகவில்லை.

அடுத்து, விளம்பரத்தில் வரும் "95 சதவீதத் துல்லியம்". மேற்படி 15,000 படங்களில் உண்மையாகக் குறை உள்ளவை 150 என்று வைத்துக்கொள்வோம். இது நான் உதாரணத்துக்காகப் போடும் எண். மாடல் குறையுள்ள படங்களில் 95 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்ல படங்களில் 5 சதவீதத்தைத் தவறாகக் கொடியிடுகிறது. பிடிபட்டவை ஏறக்குறைய 142. வீண் கொடி 742. ஆக, கொடியிட்ட ஆறு படங்களில் ஒன்றுதான் நிஜம். இதைக் கேட்டு மாடலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 15,000 படத்துக்குப் பதிலாக 884 படம் பார்த்தால் போதும் என்பது பெரிய லாபம். ஆனால் தப்பிய ஏழெட்டுப் படங்கள் எவை என்பதுதான் தலைவலி. அவை முக்கியமில்லாத தோல் விரிசல்களா, அல்லது கர்டர் தூணின் மேல் உட்காரும் பேரிங்குக்கு மேலே, அதன் முனையில் சாய்வாக ஓடும் ஆபத்தான ஷியர் விரிசலா? சராசரித் துல்லியம் என்ற ஒற்றை எண் இதைச் சொல்லவே சொல்லாது. எனவே விற்பவரிடம் துல்லியத்தைக் கேட்காதீர்கள். எந்தெந்த வகைக் குறையில், எந்த அகலத்துக்குக் கீழே, எவ்வளவு தப்புகிறது என்று கேளுங்கள். பலர் முழிப்பார்கள்.

தப்புவதும் வீணாகக் கூவுவதும் எதனால்? ஷட்டரிங் பலகையின் இணைப்புக் கோடு, நீர் வடிந்த கறை, சிலந்தி வலை, ஆலஞ்செடியின் வேர், போன முறை ஆய்வாளர் சாக்பீஸால் போட்ட கோடு எல்லாம் மாடலுக்கு விரிசல் மாதிரித் தெரியும். இதில் கடைசியாகச் சொன்னது குறும்பான ஒன்று. பயிற்சிப் படங்களில் விரிசலுக்குப் பக்கத்திலெல்லாம் சாக்பீஸ் குறி இருந்தால், மாடல் விரிசலை விட்டுவிட்டு சாக்பீஸையே கற்றுக்கொள்ளலாம். சோதனையில் பிரமாதமான மதிப்பெண் வாங்கும். யாரும் இதுவரை குறியிடாத பாலத்துக்குப் போனதும் ஊமையாகிவிடும். பொதுவில் கிடைக்கும் படத் தொகுப்புகள் உதவிதான். யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகம் வெளியிட்ட எஸ்டிநெட் 2018 தொகுப்பில் பாலத் தளம், சுவர், நடைபாதை என 56,000க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. ஆனால் அவை அந்த ஊர்க் கான்கிரீட், அந்த ஊர் வெளிச்சம். சுவரொட்டி கிழித்த தடமும், வெற்றிலைக் கறையும், விரிசலின் மேலேயே பூசிய சிமெண்ட் பெயிண்டும் அதில் இருக்காது. உங்கள் ஊர்ப் படங்களைக் கொண்டு மறுபயிற்சி தராத மாடலை நம்பி அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போது மனிதக் கண்ணே மேல்" என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 25 மாநிலங்களிலிருந்து 49 ஆய்வாளர்களை அழைத்து, ஒரே பாலங்களைத் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார்கள். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போட வேண்டும். ஒரே உறுப்புக்குச் சராசரியாக நான்கைந்து வெவ்வேறு மதிப்பெண்கள் வந்தன. ஒருவர் "நன்று" என்றதை இன்னொருவர் "பழுது" என்றார். ஓடும் வண்டிகளைக் கண்டு பயம், அவசரம், பார்வைத் திறன், வெளிச்சம், எல்லாமே முடிவோடு தொடர்பு காட்டின. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு மதிப்பெண் ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கினால் பாலம் மோசமாயிற்றா, ஆள் மாறிவிட்டாரா என்று தெரியாது. ஒரே மென்பொருளுக்கு ஒரே மாதிரிப் படம் தந்தால், தப்புச் செய்தாலும் ஒரே மாதிரித் தப்புச் செய்யும். இரண்டு ஆண்டுகளின் பதிவுகளை ஒப்பிடுகிறவனுக்கு அந்த ஒரே மாதிரித்தனம் மிகவும் மதிப்புள்ளது.

இங்கேதான் ஹெட்செட் வருகிறது. மிக்ஸ்டு ரியாலிட்டி என்றால், கண்ணாடி வழியாக நிஜத் தூணைப் பார்க்கிறீர்கள், அதன் மேலேயே கணினி வரைந்த கோடும் எண்ணும் ஒட்டினாற்போலத் தெரிகின்றன, நீங்கள் நகர்ந்தாலும் அவை தூணில் அதே இடத்தில் நிற்கின்றன. பால ஆய்வில் இதைப் பல வகையில் முயன்றிருக்கிறார்கள். கையால் சைகை காட்டி உதிர்ந்த காரையின் பரப்பை அளப்பது, தொலைவில் இருக்கும் நிபுணருக்கு நீங்கள் பார்ப்பதை அப்படியே காட்டுவது, அலுவலகத்தில் உட்கார்ந்து பாலத்தின் முப்பரிமாண மாதிரிக்குள் நடந்து பார்ப்பது என்று. நிபுணரைத் தொலைவிலிருந்து அழைக்கும் வேலையைச் சாதாரண வீடியோ அழைப்பே முக்கால்வாசி செய்துவிடும், அதற்காக ஹெட்செட் வேண்டாம். எனக்கு உண்மையிலேயே பெரிதாகப் படுவது ஒன்றுதான்: போன ஆய்வின் விரிசல் கோட்டை இன்றைய கான்கிரீட்டின் மேல் காட்டுவது.

ஏன் என்றால், இப்போது நாம் எழுதும் அறிக்கைகளை நினைத்துப் பாருங்கள். "பி-4 தூணின் கீழ்ப்பகுதியில் சாய்வான விரிசல், 0.3 மி.மீ., நீளம் சுமார் 600 மி.மீ., படம் 47 பார்க்க." அடுத்த ஆண்டு வேறொருவர் போகிறார். பி-4இன் எந்த முகம்? எண் எந்தக் கரையிலிருந்து தொடங்குகிறது? படம் 47இல் தூண் முழுக்க ஒரே சாம்பல் நிறம், அளவு காட்ட ஒரு பேனாவைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அவர் கண்ணில் ஒரு விரிசல் படுகிறது, 0.3 என்று எழுதுகிறார். அது பழைய விரிசலா, பழையது வேறெங்கோ இருந்து இது புதிதா? யாருக்கும் தெரியாது. விரிசல் எல்லாக் கான்கிரீட்டிலும் இருக்கும். வளர்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஆவணம் நம்மில் பலரிடம் இல்லை. பழைய விரிசலின் முனை எங்கே முடிந்தது என்று ஒரு சிவப்புப் புள்ளி கண்முன் தெரிந்து, இன்று விரிசல் அதைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தால், அதைப் புரிந்துகொள்ள மூத்த பொறியாளரே வேண்டும் என்பதில்லை.

ஆனால் இந்தச் சிவப்புப் புள்ளியைச் சரியான இடத்தில் நிறுத்துவதுதான் இந்தத் துறையின் கடினமான பகுதி, விற்பனைக் காணொளிகளில் வராத பகுதியும் கூட. ஹெட்செட் தன் கேமராக்களாலும் அசைவு உணரிகளாலும் தன் இருப்பிடத்தைத் தானே ஊகித்துக்கொண்டு போகிறது. நடக்க நடக்கப் பிழை சேரும். ஒரே ஒரு டிகிரி கோணப் பிழை என்றாலும் பத்து மீட்டர் தூரத்தில் 17 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். பக்கத்து விரிசலைப் பழைய விரிசல் என்று காட்டிவிட அது போதும். பாலத்தின் அடியில் ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காது. கான்கிரீட் பரப்போ எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி, பிடித்துக்கொள்ள அடையாளம் இல்லை. ஒரே அளவில் வரிசையாக நிற்கும் தூண்களில் மூன்றாவதை நான்காவது என்று கருவி குழம்புவதும் உண்டு.

இதற்கு வழி, பாலத்தில் நிலையான குறிகளைப் பதித்துவிடுவது. ஒவ்வொரு தூணிலும் கைக்கு எட்டாத உயரத்தில் துருப்பிடிக்காத தகட்டில் அச்சிட்ட சதுரக் குறி இரண்டு மூன்று. அவற்றின் ஆயத்தொலைவுகளை டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) ஒருமுறை அளந்து வைத்துவிட்டால், எந்த ஆண்டு எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் அதே அச்சில் நிற்கும். இந்த வேலைக்கு ஒரு சர்வேயரும் ஒரு டிரில்லிங் மெஷினும் போதும். ஏஐ-க்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கை இதற்குச் செலவழிப்பேன் நான்.

இனி கருவிகளின் நிலவரம். பால ஆய்வு ஆராய்ச்சிகளில் அதிகம் பயன்பட்டவற்றில் ஒன்று மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2. 2019இல் அறிவித்தபோது விலை 3,500 டாலர். எடை 566 கிராம். ஹெல்மெட்டோடு சேர்த்து டிரிம்பிள் நிறுவனம் எக்ஸ்ஆர்10 என்று ஒரு வடிவம் கொண்டுவந்தது. கண்ணாடியில் தெரியும் ஒளிக்கோடு வெளிச்சத்தின் மேல் வெளிச்சம் சேர்ப்பதால், கறுப்பு நிறத்தைக் காட்டவே முடியாது, உச்சி வெயிலில் கோடு மங்கிவிடும். பாலத்தின் அடியில் நிழலில் பரவாயில்லை. பேட்டரி இரண்டு மூன்று மணி நேரம். 2024 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2027 கடைசி வரை வரும் என்றது. ஒரு பாலம் நூறு ஆண்டு நிற்க வேண்டியது, கருவியோ பத்தாண்டைக்கூடத் தாண்டவில்லை. அதனால் எந்த ஹெட்செட்டையும் நம்பித் தரவை அதன் சொந்த வடிவத்தில் சேமிக்காதீர்கள். மூலப் படங்கள், ஒவ்வொரு படமும் எடுத்த இடமும் கோணமும், இ57 அல்லது லாஸ் என்ற பொதுக் கோப்பு வடிவில் புள்ளித்திரள் (பரப்பை லட்சக்கணக்கான புள்ளிகளாக அளந்த தரவு), ஐஎஃப்சி என்ற பொது வடிவில் பாலத்தின் மாதிரி, இவை உங்கள் கையில் இருக்க வேண்டும். விற்றவரின் கிளவுடில் மட்டும் இருக்கக் கூடாது.

தொடங்குவதற்கு ஹெட்செட்டே வேண்டாம் என்றும் சொல்வேன். லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லிடார் உள்ள ஐபேட் ப்ரோ 2020 முதல் கிடைக்கிறது. ஐந்து மீட்டர் வரை தூரம் அளக்கும், திரையில் பழைய குறியை மேலே காட்டும், கீழே வைத்துவிட்டுச் சுத்தியலை எடுக்கலாம். இன்னொரு விஷயம் பாதுகாப்பு. சாரத்திலோ ஆளைத் தூக்கும் வண்டியின் கூடையிலோ நிற்கும் ஆளின் கண்முன் மிதக்கும் படங்களைப் போட்டால் காலடி மறந்துபோகும். உயரத்தில் நிற்கும்போது ஹெட்செட் கழற்றப்பட்டிருக்க வேண்டும் என்று எழுத்திலேயே விதி வையுங்கள்.

அப்புறம், ஏஐ போட்ட கட்டத்தைக் கண்முன்னே காட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. கட்டம் போட்ட இடத்தை ஆய்வாளர் கவனமாகப் பார்ப்பார், போடாத இடத்தில் கண் வழுக்கிக்கொண்டு போகும். விமானிகளிடமும் எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவர்களிடமும் நன்கு ஆராயப்பட்ட பழக்கம் இது. நான் பரிந்துரைக்கும் முறை எளிது: முதலில் ஆய்வாளர் எதுவும் தெரியாமல் தானே பார்த்துக் குறிக்கட்டும். பிறகு ஏஐ-யின் குறிகளையும் பழைய ஆண்டின் குறிகளையும் திறந்து காட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களுக்கு மட்டும் மறுபடி போய்ப் பார்க்கட்டும். நேரம் கூடும்தான். ஆட்களைக் குறைக்க வாங்கினால் இந்த முறையை யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள், அதனால்தான் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றேன்.

படமே எடுக்க முடியாத குறைகள் தனிக் கதை. இத்தாலியின் ஜெனோவாவில் மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று விழுந்து 43 பேர் இறந்தார்கள். அந்தப் பாலத்தின் தாங்கு கேபிள்களைக் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைத்திருந்தார்கள், துரு உள்ளே தின்றது. 2024 செப்டம்பர் 11 அதிகாலை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி எல்பே ஆற்றில் விழுந்தது. அதிலும் கான்கிரீட்டை உள்ளிருந்து இறுக்கிப் பிடிக்கும் பிரிஸ்ட்ரெஸ் கம்பிகளில்தான் வெடிப்பு. சில நிமிடங்களுக்கு முன் ஒரு டிராம் கடந்து போயிருந்தது. இவற்றை எந்த ட்ரோன் எத்தனை பிக்சலில் எடுத்தாலும் மேற்பரப்பைத்தான் எடுக்கும். இங்கே வேறு கருவிகள் வேண்டும்: கம்பி அறுபடும் சத்தத்தைக் கேட்கும் ஒலி உணரிகள், ரேடார், உள்ளே துரு பிடிக்கிறதா என்று மின்னழுத்தத்தால் காட்டும் அரைமின்கலச் சோதனை. கரோலாவில் விழாமல் மிச்சம் நின்ற பகுதிகளில் பிறகு ஒலி உணரிகளைத்தான் பொருத்தினார்கள்.

சுத்தியலையும் கைவிட முடியாது. ஜப்பானில் சாசாகோ சுரங்கப்பாதை, 2012 டிசம்பர் 2. மேற்கூரையில் தொங்கிக்கொண்டிருந்த கான்கிரீட் பலகைகள் வண்டிகள் மேல் விழுந்து 9 பேர் இறந்தார்கள். பலகைகளைத் தாங்கிய நங்கூர போல்ட்கள் பிடி தளர்ந்திருந்தன. உச்சியில் இருந்த அந்த போல்ட்களைப் பல ஆண்டுகளாக யாரும் ஏறிச் சுத்தியலால் தட்டிப் பார்த்திருக்கவில்லை. அதன் பிறகு 2014இல் ஜப்பான், எல்லாப் பாலங்களையும் சுரங்கங்களையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தாக வேண்டும் என்று விதியாக்கியது. அங்கே ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்கள். ஆள் போதாமல்தான் 2019இல் விதியைத் தளர்த்தி, கண்ணால் பார்ப்பதற்குச் சமமான தகவல் தரும் கருவிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். அமெரிக்காவிலும், ஒன்று அறுந்தால் பாலமே விழும் வகை எஃகு உறுப்புகளைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் ஆய்வு செய்ய வேண்டும். ட்ரோன் படத்தை அதற்குப் பதிலாகக் காட்ட முடியாது.

நம் நாட்டு உதாரணமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 9 அன்று குஜராத்தில் வடோதரா அருகே மஹி ஆற்றின் கம்பீரா பாலம் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1985இல் கட்டிய பாலம். பெடஸ்டலும் (கர்டரைத் தாங்கும் குட்டை மேடை) ஆர்டிகுலேஷனும் நொறுங்கியதே காரணம் என்று அம்மாநில அரசு சொன்னது. ஆர்டிகுலேஷன் என்பது ஒரு கர்டரின் முனை இன்னொன்றின் உதட்டில் உட்காரும் இடம். மேலே சாலைத் தளத்தில் விட்ட இடைவெளியான எக்ஸ்பேன்ஷன் ஜாயிண்டிலிருந்து வடியும் நீர் நேராக அங்கேதான் இறங்கும், கண்ணும் கேமராவும் நுழைய முடியாத இடுக்கும் அதுவேதான். கூண்டுக்குள் பறக்கும் எலியோஸ் மாதிரிச் சிறு ட்ரோன்கள் பெட்டிக் கர்டருக்குள் போய் வந்திருக்கின்றன. ஆனால் இந்த மாதிரி இடுக்கில் பெரும்பாலும் ஒரு போரோஸ்கோப்பும் (குழாய் முனையில் கேமரா) டார்ச் லைட்டும் ஏறிப் பார்க்கத் தயங்காத ஆளும்தான் வழி.

இன்னும் மோசமானது, அடையாளம் கண்முன்னே இருந்தும் விழுவது. அமெரிக்காவில் மினியாபோலிஸின் ஐ-35டபிள்யூ பாலம் 2007 ஆகஸ்ட் 1 அன்று விழுந்து 13 பேர் இறந்தார்கள். உறுப்புகளை இணைக்கும் கஸட் தகடுகள் தேவையான தடிமனில் பாதிதான் இருந்தன, வடிவமைப்புக் காலத்துப் பிழை. விழுவதற்கு முன், 1999, 2003 ஆண்டுகளின் புகைப்படங்களிலேயே அந்தத் தகடுகள் வளைந்திருப்பது தெரிகிறது. ஹெட்செட் இருந்தால் காப்பாற்றியிருக்குமா? வரைபடத்தை மேலே போட்டுக் காட்டியிருந்தால் வளைவு தெரிந்திருக்கலாம். தடிமன் மட்டும் வரைபடத்தோடு அச்சாகப் பொருந்தியிருக்கும், ஏனென்றால் வரைபடமே தப்பு. பிட்ஸ்பர்க்கின் ஃபெர்ன் ஹாலோ பாலமோ 2022 ஜனவரி 28 அன்று விழுந்தது. கால்கள் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் வடிகால் அடைத்திருந்ததும் ஆண்டாண்டாக ஆய்வறிக்கைகளில் இருந்தன. நகராட்சி அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியது. இதில் ஏஐ என்ன செய்யும்? இன்னும் அழகான வண்ணப்படத்தோடு அதே வடிகால் அடைப்பைச் சொல்லியிருக்கும்.

ஆகவே உங்கள் நிர்வாகத்துக்கு நான் சொல்லக்கூடியது இது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு பாலத்தை எடுங்கள். குறிகளைப் பதித்து, டோட்டல் ஸ்டேஷனில் அளந்து, ஒரு முழுச் சுற்றுப் படம் எடுத்து, உங்கள் மூத்த ஆய்வாளர் இருவர் தனித்தனியாகக் குறித்த குறைகளைப் பூட்டி வையுங்கள். மென்பொருள் விற்பவர்களிடம் படங்களை மட்டும் கொடுங்கள், விடைகளைக் கொடுக்காதீர்கள். அவர்களுடைய காட்சிப் படங்களில் ஓட்டிக் காட்டியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து, மழைக்காலம் முடிந்ததும், அதே பாலத்தை மறுபடி எடுத்து, பழைய விரிசல்களில் எத்தனையைக் கருவி அதே விரிசல் என்று சரியாக அடையாளம் கண்டது, எத்தனையில் வளர்ச்சியைச் சரியாக அளந்தது என்று பாருங்கள். கிராக் மைக்ராஸ்கோப்பால் நீங்களே சிலவற்றை அளந்து ஒப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் மூலத் தரவு உங்களுடையது என்றும், தவறவிட்ட குறைகளின் பட்டியலை ஆண்டுதோறும் அவர்கள் தர வேண்டும் என்றும் எழுதுங்கள். ட்ரோன் பறக்க 2021 ட்ரோன் விதிகளின்படி எந்த மண்டலம் என்று முன்பே பார்த்துவிடுங்கள், விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பாலம் என்றால் அனுமதிக்கே நாள் ஆகும்.

ஆய்வாளர்களின் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு ஆள் கூடுதலாகவே வேண்டியிருக்கும்: கொடியிட்ட படங்களை உட்கார்ந்து பார்த்து, சரி தப்பு குறித்து, சந்தேகமானதை அன்றே களத்துக்குத் திருப்பி அனுப்பும் ஆள். அந்த நாற்காலிக்குப் புதிதாகச் சேர்ந்த பட்டதாரியைப் போடாதீர்கள். பாலத்தின் அடியில் பல ஆண்டுகள் நடந்து, முழங்கால் வலியால் இனி சாரம் ஏற முடியாது என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பழைய ஆய்வாளர் யாராவது இருப்பார். அவரைப் போடுங்கள்.